நாய் போதும், தம்பி வேண்டாம்

படத்தில் ஒரு பெண் பட்டினி கிடக்க வேண்டும், பனியில் உருள வேண்டும், சேற்றில் முங்கிச் சாக வேண்டும் என்றால் ஹாலிவுட் பக்கத்து பர்பேங்க் ஸ்டுடியோக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருகிற பெயர் நடீன் கோவாக்ஸ். கடற்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்ன வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பெயர் ஒருத்தனுக்கும் நினைவுக்கு வராது. "உங்க முகத்துல ஒரு வலி இருக்கு" என்று ஒவ்வொரு இயக்குநரும் தானே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார். இருக்காதா பின்னே? விடிவதற்கு முன்னால் எழுப்பி ஐஸ் தண்ணீரில் நிறுத்தினால் யார் முகத்தில்தான் இருக்காது!

உடம்பு வலி அவளுக்குப் பழகிவிட்டது. அழுகைக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். சின்ன வயதில் அவள் கண்ணெதிரே லாரியில் அடிபட்டுச் செத்த நாய், பெயர் பிஸ்கட். 'ஆக்‌ஷன்' என்றதும் பிஸ்கட்டை நினைப்பாள், கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். உயிரோடு இருந்தபோது ஒரு திருடனைப் பார்த்துக்கூடக் குரைக்காத நாய், செத்த பிறகு இத்தனை வருடம் அவளுக்கு உழைத்துப் போட்டது. ஆனால் எடுக்க எடுக்க அதுவும் வற்றிவிட்டது. இப்போதெல்லாம் பிஸ்கட்டை நினைத்தால் பழைய படக் காட்சிகள்தான் வருகின்றன, நாய் வருவதில்லை.

அதைப் பார்த்துப் பயந்துதான் தம்பி ரஸ்ஸலை அவள் ஒரு படத்துக்கும் தொட்டதில்லை. ரஸ்ஸல் வாலிபத்திலேயே ஆஸ்பத்திரியில் செத்துப் போனவன். கடைசி வாரம் முழுக்க அவன் கால் சில்லிட்டுக் கிடந்தது. நடீன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் கம்பளிக் காலுறை மாட்டிவிடுவாள். அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்த வலி ஒன்றுதான். அதையும் கேமராவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டால் அப்புறம் தம்பி எங்கே இருப்பான்?

இந்தச் சமயத்தில்தான் ட்ரிஸ்டன் என்கிற இளம் மேதை வந்து சேர்ந்தார். கொளுத்துகிற வெயிலிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாதவர். பிள்ளையைச் சுமந்துகொண்டு பனிமலையைக் கடக்கிற தாயின் கதை. வழியிலேயே பிள்ளை செத்துப் போகிறது. நடீனின் பெயர் முதல் தடவையாகப் படத்தின் தலைப்புக்கு முன்னால் வரப்போகிறது. அதற்காக அவள் மாதக் கணக்கில் முட்டை வெள்ளைக்கருவும் இலைதழையும் தின்று எலும்பானாள். "பசி உங்க கண்ணுல தெரியணும்" என்று சூடேற்றிய கூடாரத்திலிருந்து ட்ரிஸ்டன் ஒலிபெருக்கியில் சொன்னார், வாயில் பர்கரோடு.

கடைசிக் காட்சி ஸ்டுடியோவில். பிள்ளை செத்ததைத் தாய் போலீஸ்காரரிடம் சொல்கிறாள். அன்று காலை ட்ரிஸ்டன் அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நடீன், உங்களுக்கு ஒரு தம்பி இருந்தாராமே?"

இந்த ஊரில் யார் வீட்டுச் சாவும் ரகசியமில்லை.

"இருந்தான்."

"அவரைக் கொண்டு வாங்க. எனக்கு உண்மை வேணும்."

"உங்களுக்கு வேணும்னா உங்க வீட்டுச் சாவைக் கொண்டு வாங்க. எனக்கு நாய் போதும், தம்பி வேண்டாம்."

ட்ரிஸ்டன் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மேக்கப் போடுகிற ரோசலிண்டா நடீனின் காதில், "அந்தக் குல்லாயைக் கழட்டிட்டா இந்தாளுக்கு இயக்கம் மறந்துடும் கண்ணு" என்றாள்.

போலீஸ்காரராக நடித்தவர் பிரைஸ் வெண்டெல், பெரிய நட்சத்திரம். பெரிய நட்சத்திரங்களின் க்ளோசப்பை முதலில் எடுத்துவிடுவார்கள். எதிரில் நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல் உட்கார்ந்து வசனம் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்வார்கள். நடீன் மட்டும் அதிலும் உயிரைக் கொடுப்பாள், பைத்தியக்காரி. அன்றும் உட்கார்ந்தாள். பிரைஸ் பிள்ளையின் தொப்பியை நீட்ட வேண்டும். தொப்பி எங்கேயோ தொலைந்துவிட்டதால், பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கைக்குக் கிடைத்த ஒரு கம்பளிக் காலுறையைக் கொடுத்திருந்தான்.

நடீன் அதை வாங்கினாள். வாங்கியதும் வசனம் மறந்தது.

"கால் சில்லுன்னு இருந்துச்சு... தேச்சேன். எவ்வளவு தேச்சும் சூடு ஏறவே இல்ல. 'போதும்க்கா, கை வலிக்கும்'னான்."

பிள்ளை தாயை அக்கா என்று கூப்பிடுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிரைஸின் மரக்கட்டை முகம் முதல் முறையாக உடைந்து, கண்ணீர் வழிந்தது. கேமரா அதை அப்படியே வாரிக்கொண்டது.

"கட்! பிரைஸ்! அற்புதம்!"

எல்லோரும் பிரைஸுக்குக் கைதட்டினார்கள். அந்தக் கண்ணீருக்குப் பிற்பாடு அவருக்கு விருதுகூடக் கிடைத்தது. மேடையில் தன் நடிப்பு வாத்தியாருக்கு நன்றி சொன்னார்.

விளக்குகளைத் திருப்பி நடீன் பக்கம் வைப்பதற்குள் பிரைஸ் கோல்ஃப் ஆடக் கிளம்பிவிட்டார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பத்தில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டி, "இவருகிட்டச் சொல்லுங்க" என்றார்கள். நடீன் டேப்பைப் பார்த்தாள். பிஸ்கட்டைக் கூப்பிட்டாள், வரவில்லை. தன்னை மீறி ரஸ்ஸலையும் கூப்பிட்டாள். கண் காய்ந்து கிடந்தது. ஒரே தடவையில் தீர்ந்துவிட்டானா? அதுவும் யாரும் படம்பிடிக்காத ஒரு தடவைக்கு?

ரோசலிண்டா மேக்கப் பெட்டியோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே மெந்தாலைத் தடவி ஊதினாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. ட்ரிஸ்டன் குல்லாயை இழுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இதுதான் உண்மை! தம்பிதானே? எனக்குத் தெரியும்!"

"ஆமா, தம்பிதான்" என்றாள் நடீன். வீட்டுக்கு விட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்குப் போகவில்லை. வழியில் பர்கர் கடை ஜன்னலில் வண்டியை நிறுத்தி, இருப்பதிலேயே பெரியதை வாங்கி, பக்கத்து மர நிழலில் வண்டியோடு ஒதுங்கினாள். மாதக் கணக்கில் தவித்த வாய். ஆனாலும் கடிப்பதற்கு முன் ரொட்டியைத் திறந்து, வெள்ளரி ஊறுகாய்த் துண்டுகளைப் பொறுக்கிப் பக்கத்து இருக்கையில் காகிதத்தின் மேல் வைத்தாள். சின்ன வயதிலிருந்தே பழக்கம். வைக்காவிட்டால் ரஸ்ஸல் கையை விட்டுப் பிடுங்குவான்.

வைத்த கையை எடுக்க முடியவில்லை. பிறகு வந்தது அழுகை. மூக்கு ஒழுக, வாய் கோண, எந்த இயக்குநரும் வைத்துக்கொள்ளாத அழுகை. ஜன்னலிலிருந்து கடைப்பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், என்ன ஆச்சு? வெங்காயம் ஜாஸ்தியாயிடுச்சா?"

"இல்லம்மா. எல்லாம் இருக்கு" என்றாள் நடீன். "எல்லாம் அப்படியே இருக்கு!"

அழுதுகொண்டே பர்கர் முழுவதையும் தின்று முடித்தாள். ஊறுகாயை மட்டும் தொடவில்லை.