ஓர்ப்படியின் கணுக்கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணியில் நானும் என் ஓர்ப்படியும், அதாவது கொழுந்தன் மனைவியும், ஒரே வீட்டில் இருந்தோம். அவள் கல்யாணமாகி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, கோயில் மலைப்படியில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்துவிட்டாள். கடைத்தெருவே பார்க்க, கொழுந்தன் அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

முந்தைய அறுவடையில் வரப்பு சரிந்து எனக்கும் கால் பிசகியிருந்தது. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்றார் என் கணவர். அதோடு சரி. மறுநாளே குடம் தூக்கினேன். இவளுக்கோ மாமியார் தன் கையாலேயே உளுத்தமாவும் முட்டையும் குழைத்துப் பற்றுப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

"பெருசா வீங்கலையே அத்தை. சுளுக்குதான். நடந்தா சரியாப் பூடும்," என்றேன்.

மாமியார் அடுப்படிக்குப் போனதும் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"முடியலக்கா."

"நான் நடக்கலியா? எழுந்திரு."

காலை ஊன்றினாள். முகம் வெளுத்து, சத்தமே இல்லாமல் என் மேல் சாய்ந்தாள்.

மதியம் பள்ளிப்பட்டிலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரை மாட்டுவண்டியில் அழைத்து வந்தார்கள். பற்றைத் துடைத்துவிட்டு, கணுக்கால் முட்டிக்கு முன்னால் இருந்த சதையை அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு அதே கணுக்கால் முட்டியின் பின்பக்க எலும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் லேசாகத் தொட்டார். அவள் அலறிவிட்டாள்.

"வீக்கத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க," என்றார் மாமியாரிடம். "எலும்பு மேல தொட்டா வலிக்குதா, கால ஊனி நாலடி வைக்க முடியுதா, அதத்தான் பார்க்கணும். இது விரிசல். யாருனா நடக்க வச்சீங்களா?"

கீழே கிடந்த பற்றுத் துணியை எடுக்கக் குனிந்தேன்.

"நானேதாங்க எழுந்து பார்த்தேன்," என்றாள் அவள்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் ஊன்றக் கூடாது என்றார். அத்தனை நாளும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி வரவேண்டும், வரவில்லை. கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பான். இப்போது அவள் நல்லவளாகவும் ஆகிவிட்டாள் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

கால் நன்றாகக் கூடிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு அவள் காவடிக்குப் பின்னால் படியேறினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.