செய்யதம்மாள் அக்கா எழுதிய கணக்குப் பரீட்சை

சென்ற வியாழக்கிழமை காலை காப்பகத்தில் ஒரு குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செய்யதம்மாள் அக்காவின் மகள் பேசினார். "சித்தி, அம்மா மவுத்தாயிட்டாக." இரண்டு மாதமாக மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த உடம்பு அடங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சட்டையின் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விஸ்வநத்தத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு எதிரே, தொழிலாளர் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பாளர் அக்கா. முதலில் பெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் வந்தாராம். அழுகிற பிள்ளை எதுவும் அவர் தோளில் அடங்கிவிடுவதைப் பார்த்து, காப்பகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தபோது அங்கே அவருக்குப் பத்து வருட அனுபவம்.

ஒருநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்தார். இனிமேல் பொறுப்பாளராக இருப்பவர் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றார். அக்கா பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறியவர். "மாரீஸ்வரி, நீங்க பிளஸ் டூ. சான்றிதழ் வாங்கிட்டா பொறுப்பு உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "மாரீசு, எனக்குக் கணக்குச் சொல்லித்தாரியா?"

மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்தோம். மடியில் ஒரு குழந்தை, அதன் முதுகின் மேல் நோட்டு. "இந்த எக்ஸுக்கு நம்ம ஊர்ல என்ன சோலி?" என்று சலித்துக்கொள்வார், ஆனால் விடமாட்டார். நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுதி முப்பத்தேழு மதிப்பெண் வாங்கினார். அன்று காப்பகத்துக்கே சாத்தூர்ச் சேவு.

அதன் பிறகு நான் செய்ததையும் இங்கே எழுத வேண்டும். விருதுநகர்ப் பயிற்சி மையத்தில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என் போனுக்கு வந்தது. எனக்குள் அந்தப் பொறுப்பின் மேல் ஆசை வந்திருந்தது. அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆபீஸ் கிளார்க் மூலம் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. லீவு போட்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விருதுநகர் போய்விட்டார். மறுநாள் காலை அவர் உள்ளே வந்தபோது நான் குனிந்து பாயை உதறிக்கொண்டிருந்தேன்.

"ஒன் விண்ணப்பத்துல டாக்டர் சான்றிதழ் வைக்கலியாம். அங்கன எடுத்துத் தனியா வச்சிருக்காக. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டயம். நம்ம டாக்டரம்மாட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். போய் வாங்கிக் கொண்டு குடு. புள்ளைகள நான் பாத்துக்கிடுறேன்."

"அக்கா, நான் ஒங்கட்ட தேதியச் சொல்லல..."

"தெரியும் தாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இருவரும் சேர்ந்தே பயிற்சிக்குப் போனோம். முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மைக்கு மூச்சு ஊதச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். அடுத்த முறை சிரிக்கவில்லை. அந்தப் பொம்மை பிழைத்துவிடும் என்று தோன்றும்படி ஊதினார். இருவருக்கும் சான்றிதழ் வந்தது. பொறுப்பு யாருக்கு என்று மேனேஜர் கேட்டபோது, அக்கா வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்: "அக்காதான் சார்." மூன்று வருடம் அவர் அந்தப் பொறுப்பைப் பார்த்தார்.

வியாழக்கிழமை மாலையே அடக்கம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காப்பகத்தைத் திறந்தேன். சாயங்காலம் வேலை விட்டுப் பெண்கள் வந்தார்கள், கையெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்துப் பொடி. வழக்கமாக அக்கா வாசலில் நின்று, "கை கழுவாமப் புள்ளையத் தொடாதீக" என்று சத்தம் போடுவார். அன்று வாசலில் நான் நின்றேன். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குழாயடியில் நின்று, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

போய் வாருங்கள் அக்கா. பிள்ளைகள் எல்லாரும் வீடு சேர்ந்துவிட்டார்கள்.