வரவேற்பறைச் சீருடை

அந்த ஓட்டலில் யார் இடுப்பு எத்தனை இஞ்ச் என்பது தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷமாக அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டிய புழுக்க மூலையில் உட்கார்ந்து, சமையல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் சீருடை தைக்கிறாள். அந்த நன்றிக்கு அவர்கள் அவளுக்கு வைத்த பேர் 'பீப்பா'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். கேட்டால் சும்மா விளையாட்டுக்காம். விளையாட்டாம், மண்ணாங்கட்டியாம்.

தினமும் வேலை முடிந்த கையோடு இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாள். ரிசப்ஷன் வேலைக்கு ஓட்டல் வைத்த பரீட்சையில் முதலாவதாக வந்தாள். மேலே ஏறிப் போய் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் புரட்டினார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ரிசப்ஷன் யூனிஃபார்ம் உங்க சைஸுல வராதே."

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"எங்கேருந்து சார் வரணும்? தைக்கிறதே நான்தானே."

அவர் பேச்சை மாற்றி அனுப்பிவைத்தார். அவள் விடுவாளா? இரண்டு நாள் மதிய இடைவேளையில் அதே நீலத் துணியை வெட்டித் தனக்கென்று ஒன்று தைத்தாள். ஒரு சுருக்கம் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வர்றவங்க முதல்ல பாக்குறது ரிசப்ஷனைத்தான். நீங்களே புரிஞ்சுக்கணும்."

"உங்களையும்தான் சார் பாக்குறாங்க. போன மாசம்தான் உங்க கோட்டைப் பிரிச்சு ரெண்டு இஞ்ச் அகலமாக்கிக் குடுத்தேன்."

"அது வேற, இது வேற."

வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. மறு வாரம் அந்தப் பெண்ணே அளவு கொடுக்க அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். குச்சி மாதிரி இருந்தாள். தையல்காரிக்கு வயிறு எரிந்தது. பார்த்த பார்வையிலேயே அவளைப் பிடிக்கவில்லை. டேப்பை வேண்டுமென்றே இழுத்துச் சுற்றினாள்.

"இன்னும் இறுக்கமா வைங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "ஒரு இஞ்ச் கூடினாலும் வேலை போயிடும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நேத்துலேருந்து எதுவும் சாப்பிடல."

தையல்காரிக்கு ரத்தம் கொதித்தது. டேப்பை உருவி மேஜைமேல் வீசினாள்.

"போய் வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வா. அப்புறம்தான் அளவெடுப்பேன்."