சோத்துக்கை

காத்தமுத்துவுக்கு உயரத்தைக் கண்டு பயம் கிடையாது. கச்சால் தீவின் ரப்பர் சரிவுகளில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பால் வெட்டிய கால்கள் அவை. தண்ணீர் என்றால்தான் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தேழு வயதில், இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை மாட்டி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, சுற்றுலாக்காரர்களோடு ஓர் அருவியின் உச்சியில் நின்றார் என்றால் வேடிக்கைக்கு நிற்கவில்லை. அருவியின் பாதி உயரத்தில் பாறை ஒன்று திட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் அவருடைய ஒரே மகன் கௌதம் அந்தத் திட்டில் விழுந்துதான் செத்தான். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும். கயிற்றில் தொங்கி இறங்காமல் அங்கே போவதற்கு வழியே இல்லை.

பிடிமண் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. புதுக்கோட்டைப் பக்கமிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன பாட்டன் ஊர் மாரியம்மன் கோயில் மண்ணை மடியில் முடிந்துகொண்டு போனார். அங்கே ரப்பர் வெட்டி முதுகு வளைந்த பிறகு, நீங்கள் இந்தியாக்காரர்கள், போய்விடுங்கள் என்றார்கள். போன இடம் ஊராவது ஊராக இருந்ததா? கப்பலில் ஏற்றி நிக்கோபாரில் ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். அப்போது காத்தமுத்து அரைக்கால் சட்டைப் பையன். அவருடைய அப்பன் மடியிலும் ஒரு பிடி மண் இருந்தது. கச்சாலில் அதற்கு ஒரு கொட்டகை போட்டுக் கும்பிட்டார்கள். சுனாமி அதையும் கொண்டுபோயிற்று.

அன்றைக்குக் காத்தமுத்து சின்னப் பிள்ளையாக இருந்த கௌதமின் மணிக்கட்டைப் பிடித்தவர், மேட்டிலிருந்த தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஏறிச் சேரும்வரை விடவே இல்லை. அவருடைய விரல் பதிந்த தடம் பையன் கையில் பல நாள் கன்றிக் கிடந்தது. எத்தனையோ பேர் பிள்ளையைப் பறிகொடுத்த இடத்தில் நான் என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று ஒரு பெருமை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் தெய்வம் குறிவைத்தது போலிருக்கிறது.

அப்புறம் போர்ட் பிளேரில் முகாம். பட்டாளத்துக்காரர் ஒருவர் பிஸ்கட் பொட்டலம் நீட்டியபோது கௌதம் பசியில் எந்தக் கை முன்னால் இருந்ததோ அதை நீட்டிவிட்டான். காத்தமுத்துவின் மனைவி ஒச்சம்மா பொட்டென்று அந்த இடது கையைத் தட்டிவிட்டாள். பொட்டலம் சேற்றில் விழுந்தது.

"எல்லாம் போயிருச்சி, மருவாதியுமா போயிருச்சி? யாரு என்னா குடுத்தாலும் சோத்துக்கையால வாங்கு. பீச்சாங்கையால வாங்குறவன் பிச்சக்காரன்."

கொடுப்பதை வாங்கியே இரண்டு தேசத்தில் பிழைத்தவர்கள். வாங்குகிற கையையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்பது அவள் வைராக்கியம். பையனுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. வளர்ந்த பிறகும் கடையில் சில்லறை வாங்க வேண்டுமென்றால்கூட, வலது கையிலிருக்கும் பையை இடது கைக்கு மாற்றிவிட்டுத்தான் கையை நீட்டுவான். கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

அந்த ஊரிலேயே டாலிகஞ்சில் ஒரு தகர வீடு கிடைத்தது. காத்தமுத்து காட்டிலாகாவில் டெய்லி ரேட் மஸ்தூர், அதாவது தினக்கூலி ஆனார். கௌதம் பன்னிரண்டாவது முடித்து இங்குமங்கும் அலைந்துவிட்டு, மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவர் அருவியில் கயிற்றில் இறக்கிவிடும் தொழிலைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தான். அவனும் பக்கத்துத் தெரு சுரேந்திரனும்தான் முதலில் பழகியவர்கள். பயந்து நடுவில் நின்றுபோகிறவர்களுக்குப் பக்கத்துக் கயிற்றில் தொங்கித் தைரியம் சொல்வது கௌதமின் வேலை. வருகிறவர்களுக்கு இரட்டைக் கயிறு, அவனுக்கு ஒற்றைக் கயிறு. பழகியவனுக்கு எதற்கு இரண்டு என்பது முதலாளியின் கணக்கு. இவன் செத்த பிறகு எல்லோருக்கும் இரண்டாகிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்றைக்கு ஒரு மெயின்லேண்ட் பெண் திட்டுக்கு மேலே பயந்து நின்றுவிட்டாள். இவன் பக்கத்தில் தொங்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தானாம். அடுத்த நிமிஷம் போய்விட்டான். "திடீர்னு கையை விட்டுட்டார், ஏன்னே தெரியல" என்று அவள் அழுதாள். அவளுடைய போன் கீழே தடாகத்தில் கிடந்தது. கை நடுங்கித் தவறவிட்டிருப்பாள் என்று எடுத்துத் துடைத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஏன் கையை விட்டான் என்ற கேள்வி வந்தபோது, பையன் குடித்திருந்தானா என்று முதலாளி கேட்டார். முந்தின நாள் மின்னி பேயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். காத்தமுத்துவின் அப்பன் சாராயத்தில் அழிந்த ஆள். மகனும் அப்படி ஆகிவிடுவானோ என்ற பயம் அவர் நெஞ்சிலேயே கிடந்தது. போலீஸ்காரர், முதலாளி, ஒச்சம்மா எல்லோரும் நிற்க, அவர் வாய் சொன்னது: "கல்யாண வீட்டுல குடிச்சிருப்பான் சாப்."

பெற்றவனே சொன்ன பிறகு எவன் மேற்கொண்டு விசாரிப்பான்? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. குட்வில் எஸ்டேட் வரைக்கும் கதை போய், குடித்துவிட்டுக் கயிற்றில் ஏறியவன் என்று பிள்ளைக்குப் பெயராகிவிட்டது.

அன்றிலிருந்து ஒச்சம்மா புருஷனோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சோறு வச்சிருக்கு" என்பாள். தலைத்திவசம் நெருங்கியபோதும் சுவரிடம்தான் சொன்னாள்.

"எம்புள்ள உசுரு போன எடத்துலயே நிக்கிறான். அந்த மண்ணக் கொண்டாந்து வீட்டுல வச்சாத்தான் சாமியாவான். குடிகாரனச் சாமியாக்க முடியாதுன்னா அப்பன்காரன் சும்மா இருக்கட்டும்."

அவர் சும்மா இருக்கவில்லை. சுரேந்திரனைப் போய்ப் பார்த்தார்.

வரிசையில் அவருக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த வைஜெயந்தி என்ற பெண் நின்றாள். "அங்கிள், உங்களுக்கும் ஃபர்ஸ்ட் டைமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்கு வயித்தைக் கலக்குது. ஆனா செம ஜாலியா இருக்குமாம்."

அவர் தலையை ஆட்டினார். அவளிடம் என்னவென்று சொல்வது? அவள் கூச்சலும் சிரிப்புமாக இறங்கிப் போனாள்.

சுரேந்திரன் அவருடைய இடுப்பு வளையத்தில் கயிற்றைக் கோர்த்தான். அவருடைய வலது கையைப் பிடித்து, கீழே போகும் கயிற்றை இடுப்புக்குப் பின்னால் இறுக்கிப் பிடிக்கவைத்தான்.

"அங்கிள், இடது கை சும்மா பேருக்குத்தான். இந்த வலது கைதான் பிரேக்கு. கொஞ்சம் தளர்த்துனா இறங்குவீங்க, விட்டா விழுந்துருவீங்க. முகத்துல தண்ணி அடிச்சாலும் சரி, மூக்கு அரிச்சாலும் சரி, தாஹினா ஹாத் மத் சோட்னா."

"டீக் ஹை. வலது கைய விடல."

சட்டைக்குள் ஒச்சம்மா தைத்த மஞ்சள் துணிப்பை இருந்தது. பிடிமண்ணுக்கான பை. அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் சாய்ந்து, அருவிக்குள் கால் வைத்தார்.

தண்ணீர் தலையில் இடித்தது. சுனாமிக்குப் பிறகு அவர் முழங்கால் ஆழம்கூட இறங்கியதில்லை. மூச்சு முட்டியது, கண் தெரியவில்லை, பாசி வழுக்கியது. மாரியாத்தா, மாரியாத்தா என்று முனகிக்கொண்டே ஓர் அடி, இன்னோர் அடி என்று இறங்கினார். பக்கத்துக் கயிற்றில், கௌதம் தொங்கிய அதே இடத்தில், சுரேந்திரன் கூடவே வந்தான். பிடியை விடாமலிருக்கக் குடிகாரனால் முடியாதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் மகன்மேல் கோபமும் வந்தது. இப்படி ஒரு வேலையை வைத்துக்கொண்டு ஏண்டா குடித்தாய் என்று மனசுக்குள் ஏசினார்.

திட்டு காலுக்குக் கீழே தெரிந்தது. தண்ணீர் இழுத்த இழுப்பில் சட்டைப் பித்தான் தெறித்து மஞ்சள் பை வெளியே நழுவியது. சுரேந்திரன் சட்டென்று எட்டி அதைப் பிடித்துவிட்டான். பிடித்த வேகத்தில், யோசிக்காமல், "இந்தாங்க அங்கிள்" என்று நீட்டியும் விட்டான்.

காத்தமுத்துவின் வலது கை தானாகப் போயிற்று.

அவர் நினைத்து நீட்டவில்லை. விடாதே என்று சொன்னது காதில் இருந்தது, பயம் உடம்பெல்லாம் இருந்தது, ஆனாலும் யாரோ ஒன்றை நீட்டினார்கள், கை வாங்கப் போய்விட்டது. கயிறு சர்ரென்று ஓடியது. இரண்டாவது கயிறு வெடுக்கென்று இழுத்துப் பிடித்ததில் தோள் பாறையில் மோதி, அவர் திட்டுக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கை, கை" என்று சுரேந்திரன் கத்தினான்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அதில் மஞ்சள் பை இருந்தது.

மேலிருந்தவர்கள் மெதுவாக விட, திட்டில் இறங்கி உட்கார்ந்தார். சுரேந்திரனும் வந்து அவரைப் பாறையில் அடித்திருந்த கொக்கியில் கட்டினான்.

"சுரேந்திரா, அந்தப் பொண்ணு போனு எங்க கெடந்துச்சு?"

"கீழ தண்ணியில அங்கிள்."

"அவ கயித்துக்கு நேரேயா?"

அவன் எட்டிப் பார்த்தான். "இல்ல. கௌதம் கயித்துக்கு நேரே கெடந்துச்சு" என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "போனைப் பிடிங்க, பயமா இருக்கு, விழுந்துரும்னு எல்லாரும் நீட்டுவாங்க அங்கிள். நாங்க வாங்க மாட்டோம்."

வாங்க மாட்டார்கள்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நீட்டினால்? காத்தமுத்துவுக்கு இனி எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. என் பிள்ளை குடிக்கவில்லை. கொடுத்ததை மரியாதையாக வாங்கினான், அவ்வளவுதான். அதற்கு நான் ஊரறியக் குடிகாரன் என்று பட்டம் கட்டினேன். அவர் அந்தப் பாறையில் நெற்றியை வைத்து அழுதார். அருவி இரைச்சலில் சுரேந்திரனுக்குக்கூடக் கேட்கவில்லை.

பாறை இடுக்கிலிருந்து மண்ணை அள்ளும்போதுதான் மற்றது உறைத்தது. அந்தக் கையைப் பழக்கியது யார்? முகாமில் சேற்றில் விழுந்த பிஸ்கட் பொட்டலம் கண்முன் வந்தது. அவன் குடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னால், பின்னே ஏன் விட்டான் என்று அவள் கேட்பாள். அதைச் சொன்னால் அந்த நிமிஷமே அவள் செத்துவிடுவாள். அவர் பையை முடிந்து மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டில் ஒரு மூலையை மெழுகிக் கோலம் போட்டு, செம்பட்டுத் துணி விரித்து வைத்திருந்தாள். அவர் மண்ணைக் கொடுத்தார். அவள் வலது கையை முன்னே நீட்டி, இடது கையை அதன் அடியில் சேர்த்து வாங்கிக்கொண்டாள். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒச்சம்மா, அவன் குடிக்கல. நான் சொன்னது தப்பு. எம்புள்ள குடிக்கல."

அவள் ஒரு வருஷத்துக்குப் பிறகு சுவரை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். பின்ன ஏங்க விட்டான்?"

"பாசி. வழுக்கிருச்சி. நானே வழுக்கி விழப் பாத்தேன்."

அவள் நம்பினாள். விளக்கேற்றி, சர்க்கரைப் பொங்கல் படைத்து, கௌதமுக்குப் பிடித்த சிவப்புச் சட்டையை மண்ணருகில் வைத்தாள். அழுதாள். அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரிடம், "தோள்ல என்னா காயம், மஞ்சப் பத்துப் போடவா?" என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆனாலும் இவளுக்கு இந்த நிம்மதி நிலைக்கட்டும், பொய் என்னோடு கட்டையில் வேகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தை ரூபா வந்து நின்றது. வலது கையில் குடை. ஒச்சம்மா இலைத்துண்டில் பொங்கலை வைத்து நீட்டினாள். குழந்தை இடது கையை நீட்டியது.

ஒச்சம்மா இலையைப் பின்னுக்கு இழுத்தாள். "சோத்துக்கை எங்கடி?"

"எந்தக் கையா இருந்தா என்னா, குடுத்துத் தொலையேன்" என்றார் காத்தமுத்து.

சத்தம் அவருக்கே அதிகமாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஒச்சம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து தன் வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள போனு தண்ணியில கெடந்துச்சுன்னாங்களே" என்றாள் மெதுவாக.

அவர் தட்டையே பார்த்தார்.

"அத அவன்கிட்ட நீட்டுனாளா?"

முதுகுக்குப் பின்னால் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. ஒச்சம்மா இலையைக் கீழே வைத்தாள். தன் வலது கையை மடியில் போட்டு, அதை மறுகையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் ரூபா குடையை மாற்றிப் பிடித்து, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றது.