நாணலுக்குள் கேட்ட குரல்

காலை ஆறே முக்காலுக்கு உர்ஹோவின் தங்கை ஹெல்மி போன் செய்தாள். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். காபிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். ஏரிப் பக்கம் பெருங்கொக்குகள் கத்திக்கொண்டிருந்தன.

உர்ஹோ லம்பேலா முப்பத்துநான்கு வருடம் பஸ் ஓட்டியவர். ஏரிக்கரை வளைவில் அன்னங்கள் இறங்குவதைக் கண்டால் வண்டியை மெதுவாக்குவார், பயணிகள் முனகுவார்கள். ஓய்வுக்குப் பிறகு கண் மங்கிவிட்டது. ஆனாலும் ஆலா, உள்ளான் என்று நீர்ப்பறவைகளைக் குரலிலேயே பிரித்துச் சொல்வார்.

மே மாதப் பறவைக் கோபுரப் போட்டியில் ஒவ்வொரு குழுவும் ஏரிக்கரைக் கோபுரத்தில் நின்று பறவை இனங்களை எண்ணும்; குழுவில் இருவராவது பார்த்தோ கேட்டோ இருந்தால்தான் ஒரு பறவை பட்டியலில் ஏறும். இந்த வருடம் கோபுரத்தில் உர்ஹோ, தச்சு வேலை செய்யும் பாவோ, நான். காலை ஐந்தரை மணிக்கு உர்ஹோ கையை உயர்த்தினார்.

"புள்ளிக் காணாங்கோழி. சாட்டை சொடுக்குற மாதிரி. கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்கல," என்றான் பாவோ. "உங்க காதுல இன்னும் அந்தப் பழைய பஸ்தான் ஓடுது போல."

"அந்த பஸ் ஒருநாளும் லேட்டானதில்லடா. டீச்சர், நீங்க சொல்லுங்க."

பாவோ தான் நீராவிக் குளியலறையில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்ல, அதுவரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காது கொடுக்கவே இல்லை. ஆனால் கவனிக்கவில்லை என்று சொல்லாமல், "அங்க ஒண்ணும் இல்ல, உர்ஹோ," என்றேன். பட்டியலில் அவர் எழுதியிருந்த பறவையின் பெயரை நானே அடித்தேன்.

அவர் நாணலையே பார்த்தார். "அப்ப காதும் போச்சு," என்றார். போட்டி முடியும்வரை எந்தக் குரலுக்கும் அவர் பெயர் சொல்லவில்லை.

மறுநாள் மாலை தனியாகக் கோபுரம் ஏறினேன். அதே நாணலுக்குள் சொடுக்கு, சொடுக்கு என்று நிற்காமல் ஒரு குரல்.

இரண்டு நாள் கழித்து அவரைக் கடையில் பார்த்தேன். "கோபுரத்துக்கு வரலையா?" என்று கேட்டேன்.

"வந்து என்ன பண்ண, டீச்சர்? உங்க பை தூக்கவா?"

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். என் தவறை அவர்கள் முன் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் காபிக்குப் போய் நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இன்று வெள்ளி.

போட்டிக் கணக்கில் அந்தப் பறவை இனி ஏறாது. பறவைச் சங்கத்தின் பதிவேட்டுக்கு ஒருவர் கேட்டிருந்தால் போதும். படிவத்தில் ஏரி, தேதி, நேரம், கேட்டவர் என்ற இடத்தில் அவர் பெயர் எல்லாம் எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.