தொண்ணூற்றாறு படி, பத்தொன்பது முடிச்சு

"சாமுவேலூ... கெளம்புது, கெளம்புது! படியில நிக்காத, உள்ள வா, ரைட் ரைட்!"

காலை ஏழு மணிக்கு ஒன்பது மாடிக் கட்டடத்தின் அடியில் நின்று நூபியா ஒசோரியோ குரல் கொடுக்கிறார். நான்காம் மாடி ஜன்னலில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்து மறைகிறது. காவலாளி காதைப் பொத்திக்கொள்வதுபோல் நடிக்கிறார். வாசலில் அழைப்பு மணி இருக்கிறது. நூபியா அதைத் தொட்டதே இல்லை. பதினெட்டு வருடம் மனிசாலெஸ் நகரப் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றிய தொண்டை அது. இப்போது ஐம்பத்து மூன்று வயதில் மூன்று, நான்கு வயதுக்காரர்களை ஏற்றுகிறது. வண்டி கிடையாது, கயிறுதான். நீளமான நைலான் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முடிச்சை விட்டவருக்கு அன்று பாட்டு பாட வேண்டிய தண்டனை. பாட ஆசைப்பட்டு வேண்டுமென்றே விடுகிறவர்களும் உண்டு.

தோள்பையில் நாலு ஜோடி காலுறை, ஒரு சுருள் கழிவறைக் காகிதம், பிய்த்துப் பிய்த்து நடந்தபடியே தின்ன அரேப்பா என்ற ஒரு சோள ரொட்டி. குடை வைத்துக்கொள்வதில்லை. "குடை பிடிச்சா ஒரு கை போச்சு" என்பார்.

பிள்ளைகள் போகும் இடம் 'லா ரோந்தா'. ஓர் அறக்கட்டளை நடத்தும் மழலையர் பள்ளி. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும், தெருவில் பழைய அட்டை பொறுக்குகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே ஒரே மேசை, ஒரே சூப். எந்த வீட்டுக்கு என்ன கட்டணம் என்பது தலைமை ஆசிரியை மார்லேனியின் இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ரகசியம். வாசல் வாசலாக நிற்கிற நூபியாவுக்கும் தெரியாமலா இருக்கும்? கேட்டால், "யாருக்கு மூக்கு ஒழுகுது, யாருக்கு ஒழுகலை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார்.

போன ஜனவரிவரை பள்ளி கீழே, அகலமான அவெனிதா சாலையில், தோட்டம் வைத்த பழைய வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் அதை விற்றுவிட்டார். அறக்கட்டளைக்குக் கிடைத்த வேறு இடம் குன்றின்மேல், ஏழைகள் வாழும் மிராதோர் குடியிருப்பில், ஒரு பழைய காப்பிக்கொட்டைக் கிடங்கு. அவெனிதாவிலிருந்து அங்கே ஏறத் தொண்ணூற்றாறு படிகள். பள்ளியின் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் அவெனிதாக்காரர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். கிளெமென்சியா என்ற வழக்கறிஞர் எழுந்து, நீதிமன்றத்தில் பேசுகிற தெளிவோடு சொன்னார்: "பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். எனக்குக் குறையே இல்ல. ஆனா என் ஹாசிந்தோவை மிராதோருக்கு அனுப்ப முடியாது. அந்தப் படி வழுக்கும். அதுவுமில்லாம... அது மிராதோர்."

அந்தக் கடைசி வார்த்தைக்குச் சில தலைகள் ஆடின. மார்லேனிக்கு முகம் வெளுத்துவிட்டது. கீழ்ப் பிள்ளைகள் போய்விட்டால் மிஞ்சுவது ஏழைப் பிள்ளைகளுக்கான இன்னொரு பள்ளி. அப்படி நகரத்தில் எத்தனையோ இருக்கின்றன. எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக உட்காருகிற மேசை இது ஒன்றுதான்.

கூட்டத்தில் பேச நூபியாவை யாரும் அழைக்கவில்லை. காப்பிக் கோப்பைகளை எடுக்க வந்தவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அஞ்சு வருஷமா மேல இருக்கிற பிள்ளைங்க அதே படியில தினம் எறங்கி வந்து, ஏறிப் போகுதுங்க. மழையிலயும்தான். அப்பல்லாம் படி வழுக்கும்னு யாருமே சொல்லலியே, வக்கீலம்மா?"

கிளெமென்சியா தன் கோப்பையை நூபியாவின் தட்டில் வைத்தார்.

"பிள்ளைங்களை அனுப்ப வேணாம்" என்றார் நூபியா. "நீங்க வாங்க. சனிக்கிழமை காலையில எட்டு மணி. கயித்தோட நிப்பேன்."

சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். நூபியா ஒருவரையும் சும்மா நடக்க விடவில்லை. பல் டாக்டர், வங்கி மேலாளர், கிளெமென்சியா என எல்லோர் கையிலும் ஒவ்வொரு முடிச்சைத் திணித்தார். "முடிச்சை விட்டா பாடணும். டாக்டர், செல்போனை உள்ள வைங்க. ரைட் ரைட்!"

மிராதோரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஜன்னல்களில் தலைகள், சுவர்மேல் பிள்ளைகள். ஐம்பதாவது படி திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் அர்னுல்ஃபோ, கிரீஸ் கையோடு வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "நூபியாக்கா, இந்த வருஷம் சேர்ந்த புள்ளைங்க கொஞ்சம் பெருசா இருக்கே! சாப்பாடு பத்துமா?"

தெருவே சிரித்தது. பல் டாக்டரும் சிரித்தார். சிரித்ததில் முடிச்சை விட்டார். தொப்பையைப் பிடித்துக்கொண்டு பாடவும் செய்தார். கிளெமென்சியா மட்டும் சிரிக்கவில்லை. அவர் செருப்புக்கு அந்தப் படி ஒத்துவரவில்லை. இதற்குள் மழையும் பிடித்துக்கொள்ள, எல்லோரும் பட்டறைக்குள் ஒதுங்கினார்கள். அர்னுல்ஃபோவின் மனைவி சூடான வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"பயமா இருக்கா, வக்கீலம்மா?" என்று கேட்டார் அர்னுல்ஃபோ. இப்போது குரலில் கேலி இல்லை. "எங்களுக்கும் பயம் இருந்துச்சு. எம் பொண்ணைக் கீழ அனுப்புன மொத நாள், அங்க யாராவது அவ சட்டையைப் பாத்துச் சிரிச்சிருவாங்களோன்னு நான் அன்னிக்குப் பட்டறையே தொறக்கல."

"உங்க பொண்ணு பேரு?"

"டாயானா."

கிளெமென்சியாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "டாயானாவா? கேரட் திங்கிற டாயானாவா? எங்க வீட்டுல ஒரு வருஷமா அந்தப் பேருதாங்க! டாயானா கேரட் திம்பா, நானும் திம்பேன். டாயானா தானே ஷூ போடுவா, நானும் போடுவேன்னு..."

"உங்க பையன்தான் அந்த ஹாசிந்தோவா?" அர்னுல்ஃபோ தலையில் அடித்துக்கொண்டார். "அவன்தான் வீட்டுல பாத்ரூமுக்கு உள்ளயே மீன் வளக்கிறானாமே! இவ அதே மாதிரி வேணும்னு எங்க உசுரை வாங்குறா!"

மழை விட்டதும் மீதிப் படிகளும் ஏறினார்கள். கிடங்கில் புது வண்ணப்பூச்சின் வாசனை. முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டிகள். பெரிய ஜன்னலில் நகரம் மொத்தமும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று கிடந்தது; பல் டாக்டர் தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்துக் குதித்தார். இறங்கும்போது கிளெமென்சியா நூபியாவிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார்.

ஞாயிறு முழுக்க நூபியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கயிற்றைச் சோப்புப் போட்டுத் துவைத்தார். காய்ந்ததை மறுபடி துவைத்தார். தங்கை வந்து, "கல்யாணப் பொண்ணு மாதிரி என்னத்துக்கு இந்தத் தவிப்பு?" என்று கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஒருத்தன் வந்தா போதும்டி, எனக்குப் பத்தொம்போது பேர் வரணும்" என்றார்.

திங்கட்கிழமை தூறல். முதல் கட்டடத்தில் சாமுவேல் வந்தான். இரண்டாவதில் இரட்டைப் பெண்கள். பல் டாக்டரின் மகள், அப்பா கற்றுக்கொடுத்த பாட்டோடு வந்தாள். ஒரு வாசலில் கதவு திறக்கவில்லை. இன்னொன்றில் வேலைக்காரப் பெண் வந்து, வேறு பள்ளியில் சேர்த்தாயிற்று என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மூன்றாவது வாசலில் நூபியா நாலு முறை கூவிவிட்டு நகர்ந்தார். கயிற்றின் வாலில் நாலு முடிச்சுகள் வெறுமனே ஆடின.

கடைசிக் கட்டடம். "ஹாசிந்தோ! கடைசி சீட்டு! வண்டி எடுக்கப் போகுது!"

பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நூபியா இன்னொரு தரம் மூச்சை இழுக்கும்போது லிஃப்ட் திறந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த ஹாசிந்தோ ஓடிவந்து முடிச்சைப் பிடித்தான். பின்னால் கிளெமென்சியா, நீதிமன்றக் கறுப்பு உடுப்பும் அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸுமாக.

"பாதி தூரம் வரேன்" என்றார். "பாதிதான்."

பட்டறைத் திருப்பம் வந்தது. அங்கே டாயானா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஹாசிந்தோவைக் கண்டதும் அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

"வக்கீலம்மா, இன்னிக்கு மூச்சு வாங்கலையே?" என்றார் அர்னுல்ஃபோ.

"வாயை மூடிட்டுக் கையைக் குடுங்க, இந்தப் படி வழுக்குது."

அர்னுல்ஃபோ தன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துத் தயங்கினார். கிளெமென்சியாவே எட்டிப் பிடித்து ஏறினார். உச்சிவரை போனார்.

போகும் வழியில், பட்டறையைத் தாண்டியதும், ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி மாவுக் கையோடு வெளியே வந்து, பாவாடையைப் பிடித்து நின்ற தன் மகளைக் காட்டி, "நூபியாக்கா, மூணு வயசு ஆயிருச்சு. இவளையும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். கயிறு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. "நாளைக்கு ஏழே முக்கால்! காலுறை ரெண்டு ஜோடி!" என்று நூபியா திரும்பிப் பாராமலே கூவினார்.

மேலே, எல்லோரும் உள்ளே போய்ச் சூப்புக்கு மேசை தட்டும் சத்தம் கிடங்கை அதிரவைத்தது. மார்லேனி வாசலுக்கு ஓடிவந்தார்; நூபியா ரொட்டிக்கடைப் பாப்பாவைப் பற்றிச் சொன்னார். மார்லேனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நனைந்த கயிற்றை வாங்கி விரல்களால் தடவிக்கொண்டே போனவர், வால் பக்கம் வந்ததும் நிதானித்தார்.

"பதினாறு பேரு! கடவுளே, பதினாறு! மூணு முடிச்சுதான் சும்மா இருக்கு. அதுல ஒண்ணை ரொட்டிக்கடைப் பாப்பாவுக்குக் குடுத்துட்டு, மிச்சத்தை அவுத்துடலாமா, நூபியா?"

நூபியா கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த மூன்று முடிச்சுகளையும் தாண்டி, மீதிக் கயிற்றில் ஒரு முழம் அளந்து புதிதாக ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார்.