யாருக்கு மாமா

சனிக்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு என் மகள் 'யெஸ்' என்ற பொத்தானை அழுத்தினாள். பழைய வேலையை எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாற்றட்டுமா என்று கணினி கேட்டிருந்தது. அதற்குத்தான் அந்த யெஸ். நேரம் நன்றாக நினைவிருக்கக் காரணம், அந்த நிமிடம் நான் திரையைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிந்துலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக அவள் பிடிக்க வேண்டிய பஸ் எப்போது என்று யோசித்தேன். அது அவளுக்குத் தவறிப்போனால் நல்லது என்றும் நினைத்தேன்.

எங்களுடையது ஹட்டன் நகரில் ஒரு சிறிய வீடியோ ஸ்டூடியோ. கணவர் கல்யாணம், சடங்கு என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் பிடிப்பார். அதை வெட்டி ஒட்டுவது நான். தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்து, மகள் பிறந்தபின் நின்றுகொண்டவள். ஊரில் எல்லாருக்கும் இன்னும் டீச்சர்தான். தொண்ணூறுகளில் இரண்டு வீடியோ டெக்கை அருகருகே வைத்து, ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிந்து, கண்ணும் விரலும் வலிக்கப் பழகிக்கொண்ட வேலை அது. கணினி வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. அதற்கும் நானே உட்கார்ந்து பழகினேன்.

துண்டு துண்டாக இருக்கும் காட்சிகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் வந்து உட்காருவார்கள். நான் காட்சியை ஓட்டுவேன். "இது மாமாங்க. இது சித்தப்பா. இது இன்னொரு மாமா" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரியவர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். அப்படியே ஆங்கில எழுத்தில் மாமா, மாமா இரண்டு, மாமா சாப்பாடு, அத்தை அழுகை என்று அடித்துவைப்பேன். பெண் வீடு ஒரு ஃபோல்டர், மாப்பிள்ளை வீடு இன்னொரு ஃபோல்டர். குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. 'பெண்ணின் தாய்மாமன், கட்டாயம் வேண்டும்', 'கண் மூடியிருக்கிறார், வேண்டாம்' என்று அதில் எழுதுவேன். இந்த முறையில் ஒரு கல்யாணத்தில்கூட எனக்குத் தவறு வந்ததில்லை.

இனி மகளின் வகுப்பு டீச்சர், அந்த லிந்துலைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மருந்துக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் ஏதோ விளம்பரக் கம்பனியில் எடிட்டிங் வேலை செய்து, ஊருக்குத் திரும்பியவள். கல்யாணம் ஆகவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு மகள் சும்மா இருக்க வேண்டாமே என்று அங்கே சேரச் சொல்லிக் காசு கொடுத்து அனுப்பியதும் நான்தான். சேர்ந்த நாளில் மகள் அவளை மிஸ் என்றாள். பிறகு அக்கா என்றாள். இரண்டு மாதம் போனதும் சின்னம்மா ஆகிவிட்டாள்.

சின்னம்மா! எனக்கு ஒரு தங்கை இருந்தால்தானே என் பிள்ளைக்குச் சின்னம்மா? நானோ வீட்டுக்கு ஒரே பெண். முகம்கூடப் பார்த்திராத ஒருத்தியை, என்னைக் கேட்காமல், எனக்குத் தங்கையாக்கி வைத்திருந்தாள் என் மகள்.

அவள் பேச்சு வீட்டில் ஓயாது. சின்னம்மா பாலில்லாத சாயத் தண்ணிக்குச் சீனியும் போட மாட்டாங்களாம். மறுநாளிலிருந்து மகளும் சீனி போடவில்லை. சின்னம்மா தலையைப் பக்கவாட்டில் வகிடெடுப்பாங்களாம். நான் பதினெட்டு வருடம் நடுவில் எடுத்துப் பின்னிய தலை ஒரே காலையில் பக்கத்துக்குப் போய்விட்டது. சிரிப்புகூட மாறியது. எங்கள் வீட்டில் எல்லாரும் பல் தெரியச் சிரிப்போம். இவள் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். இது யாருடைய சிரிப்பு என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால் கேட்க மாட்டேன்.

அந்த வாரம்தான், சாப்பிடும்போது, வகுப்பில் உதவிக்கு ஆள் தேவையாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம் என்று மகள் சொன்னாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் பருப்புச் சட்டியைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: அவள் போய்விடக் கூடாது.

புதிய பதிப்பின் சீடியைக் கொடுத்தனுப்பியதும் சின்னம்மாதான்.

"பழசுல என்ன கொறை?" என்றேன்.

"வேகமா ஓடும்மா. ஒவ்வொரு கிளிப்புக்கும் எத்தனையோ விவரம் போடலாம்."

வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால், அம்மாவுக்குப் புதியது ஒன்றும் தெரியாது என்று லிந்துலையில் போய்ச் சொல்வாள். போடு என்றேன்.

கணினி வெகுநேரம் யோசித்தது. பிறகு திரை வந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஃபோல்டர்களையும் காணவில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பட்டியலில், அகர வரிசையில் நின்றார்கள். முதலில் அத்தைகள். நடுவில் சித்தப்பாக்கள். அதற்குக் கீழே மாமா, மாமா, மாமா என்று திரை முடிந்தும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. குறிப்புக் கட்டம் காலி. அதற்குப் பதிலாக சீன், ஷாட், டேக் என்று ஏழெட்டுப் புதிய கட்டங்கள், அவையும் காலி.

"பயப்படாதீங்கம்மா. கிளிப் ஒண்ணும் அழியல. எல்லாம் ஒண்ணா வந்திருக்கு, அவ்வளவுதான்."

"ஒண்ணாவா? ரெண்டு வீட்டுக்காரங்களயும் ஒரே பந்தியில ஒக்கார வச்சிருக்கு. இதுல எது யாருக்கு மாமா?"

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். புதியதில் ஒரு தடவை சேமித்துவிட்டதை அது திறக்க மறுத்தது.

திரையில் இருந்த அந்தக் கல்யாண வீடியோவை ஞாயிறு மாலைக்குள் கொடுக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் திங்கட்கிழமை சவூதிக்குத் திரும்புகிறார், கையோடு கொண்டுபோக வேண்டும். பெண்ணின் அம்மா அன்று காலையிலும் போன் பண்ணியிருந்தார். "டீச்சர், எங்க அண்ணனுக்கு மட்டும் கொறை வச்சிராதீங்க. அவரு மால போட்டது வரணும். மாப்பிள வீட்டு மாமன் அவருக்கு முன்னுக்கு வந்துட்டா அப்புறம் எங்க வீட்டுப் படி மிதிக்க மாட்டாரு."

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எல்லாருக்கும் மாமா மாமான்னு பேரு வச்சா இப்படித்தான். டேப் நம்பர் போட்டிருந்தா இப்ப ஒரு நிமிசத்துல பிரிச்சிருக்கலாம். சின்னம்மா அப்பவே சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க? அவங்க எங்க இதப் பார்த்தாங்க?"

சீடி உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல."

"போன வாரம் ப்ராஜெக்ட சீடியில காப்பி பண்ணிக் கொண்டுபோய்க் காட்டினேன்."

என் வேலையை. நான் இல்லாத இடத்தில்.

"பார்த்துட்டு என்ன சொன்னாங்க ஒங்க சின்னம்மா?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"கெட்ட சிரிப்பு இல்லம்மா..."

அந்த மூடிய உதட்டுச் சிரிப்பு எனக்குத் தெரியும். தினமும் என் வீட்டிலேயே பார்க்கிறேன். "அப்ப அங்கேயே போ. ஒன் சின்னம்மாகிட்டயே இரு. ரெண்டு பேருமா ஒக்காந்து நல்லா சிரிங்க" என்றேன்.

"போறேன். அந்த சீடி அங்கதான் இருக்கு. அதுல ஃபோல்டர் எல்லாம் பழையபடி இருக்கும். எடுத்துக்கிட்டு வாறேன்" என்று குடையைக்கூட எடுக்காமல் இறங்கினாள். ஒரு மணி பஸ் அவளுக்குத் தவறவில்லை.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. எங்கள் ஊருக்கு மழை புதிதல்ல. தகரக் கூரையில் விழும் சத்தம் மாறும்வரை நானும் அதைக் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் யார் வீட்டு மாமா என்று நினைவு வரும் என்று ஒவ்வொரு மாமாவாகத் திறந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வெற்றிலை மடித்தார். ஒருவர் கேமராவைக் கண்டதும் சால்வையைச் சரிசெய்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி மீசை.

மூன்றரைக்குப் பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தலைக்கு மேல் ஒரு பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், மகள் எந்த பஸ்ல போச்சு?"

"ஒரு மணி பஸ். ஏன் நானா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்க மழையில வருவீங்களா?"

அவர் பையை மடித்தார். "கொட்டகலைக்கு அங்கிட்டு மண் சரிஞ்சி லிந்துலை ரோடு மூடிருக்காம். எத்தன மணிக்குன்னு தெரியல. பயப்பட வேணாம், ஒரு மணி பஸ் தாண்டிப் போயிருக்கும்."

லிந்துலை வகுப்புக்குப் போன் பண்ணினேன். மணி போகவே இல்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. கணவர் கொத்மலைப் பக்கம் ஒரு சடங்கு வீட்டில் இருந்தார். அவருக்கும் சொல்ல வழியில்லை. நானா தன் கடைப் பையனை பஸ் நிலையத்துக்கு அனுப்பி விசாரித்தார். பாதி வழியில் நின்ற பஸ்ஸெல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கிறதாம், ஒரு மணி பஸ் மட்டும் இன்னும் வரவில்லையாம்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது ஒழுங்காக நினைவில் இல்லை. கதவைத் திறந்தேன், மூடினேன். நானா கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது. திரையில் யாரோ ஒரு மாமா திரும்பத் திரும்ப மாலை போட்டுக்கொண்டிருந்தார், நிறுத்தத் தோன்றவில்லை. மண்ணுக்கு அடியில் ஒரு பஸ் இருப்பது போல ஒரு படம் மனதில் வந்தது. அது வந்தபின் போகவில்லை. மகளுக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. மழை நாளில் அவள் பஸ்ஸில் இருக்கிறாள் என்று தெரிந்தால் இன்றும் அந்தப் படம்தான் எனக்கு வரும்.

அந்த மாலையில் நான் கடவுளிடம் கேட்டது என்ன என்று நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அவள் என்னிடம் வந்துசேர வேண்டும் என்று கேட்கவில்லை. ரோடு மூடியிருக்கும்போது அது நடக்காது. அவள் அந்த மாடியில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த மருந்துக் கடைக்கு மேலே, நனையாமல், சீனி போடாத சாயத் தண்ணியைக் குடித்துக்கொண்டு, அந்தப் பொம்பளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதே நெஞ்சு எரிந்தது. என் பிள்ளை பத்திரமாக இருப்பதற்குக்கூட நான் அவளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறதே என்று. எரிந்தால் எரியட்டும், அங்கேயே இருக்கட்டும் என்று மறுபடியும் கேட்டேன்.

ஆறு மணி தாண்டி, பதுளைப் பக்கமிருந்து தலவாக்கலை வழியாக வரும் ரயில் ஊதியது. ரயிலை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் மனதில் ரோடு மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், ஸ்டேஷனிலிருந்து மேலேறும் பாதையில் குடைகள் வருவது தெரிந்தது. கடைசியில் வந்த ஒரு குடைக்குக் கீழே நான்கு கால்கள், முழங்கால்வரை சேறு.

முதலில் நான் பார்த்தது மகளின் முகத்தை அல்ல. அவள் போட்டிருந்த சுவெட்டரைத்தான். மெரூன் நிறம், கைமுட்டியில் தையல் போட்டது, அவளுக்குப் பெரிய அளவு. அது எங்கள் வீட்டுச் சுவெட்டர் இல்லை. யாருடையது என்று கேட்கத் தேவையே இல்லாமல், அவள் பக்கத்தில் மெல்லிய சட்டையோடு ஒருத்தி நடுங்கிக்கொண்டு நின்றாள். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஈரக் கம்பளியில் வேறொரு வீட்டுச் சவர்க்கார வாசம். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன், பிடித்துக்கொண்டே அந்த வாசத்தை வெறுத்தேன்.

"பஸ்ஸ தலவாக்கலையில நிப்பாட்டிட்டாங்கம்மா. லிந்துலைக்கு நடந்தே போய்ட்டேன். திரும்பி வரத்தான் ரோடு இல்லைன்னாங்க. தனியா ரயில்ல விட மாட்டேன்னு இவங்களும் வந்துட்டாங்க."

அவள் இன்னும் படியில்தான் நின்றாள், உள்ளே வரவில்லை. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். வகிடு பக்கத்தில்தான் இருந்தது. டீச்சர் என்று தொடங்குவாள், புதிய பதிப்பைப் பற்றி ஏதாவது விளக்குவாள் என்று காத்திருந்தேன். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் திரையில் இன்னும் மாலை போட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். பல் முழுவதும் தெரியச் சிரித்தாள்.

"அக்கா," என்றாள், "அந்த சீடி ஓடல, கீறிப்போச்சி. புள்ளயத்தான் கொண்டாந்திருக்கேன். நாளைக்கு நான் திரும்பிப் போற ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு, ஒரு துண்டும் சாயத் தண்ணியும் குடுங்க. எந்த மாமா யாருக்கு மாமான்னு ஒங்களுக்குத்தானே தெரியும்? நீங்க சொல்லுங்க, நாங்க ரெண்டு பேரும் பிரிச்சிப் போடுறோம்."